மலக்குடல் புற்றுநோயும் பேசிங்ஸ்டோக் அறுவை சிகிச்சைத் துறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடல் புற்றுநோய் என்றதும் பலரும் கேட்பது மருந்தைப் பற்றித்தான்: புதிதாக ஊசி வந்திருக்கிறதா, வெளிநாட்டில் மாத்திரை உண்டா? மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை, கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் ஓர் அறுவை முறை. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் மாவட்ட மருத்துவமனையில் அது உருவானது. நாடு நாடாகச் சென்று சர்ஜன்களுக்குக் கற்றுக்கொடுத்ததால் பரவியது. அந்த மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையின் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை.

பேசிங்ஸ்டோக் எங்கே இருக்கிறது? அப்படி என்ன விசேஷம்?

லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. போக்குவரத்து ரவுண்டானாக்களுக்குப் பேர்போன ஊர். அதற்கு மேல் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. புகழ்பெற்ற பல்கலைக்கழகமோ, நூற்றாண்டு கண்ட மருத்துவக் கல்லூரியோ அங்கே கிடையாது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், குடல்வால் என்று எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் நடப்பதே அங்கும் நடந்தது.

அங்கே பணியாற்றிய சர்ஜன் ரிச்சர்ட் ஜான் ஹீல்ட். பில் ஹீல்ட் என்றால்தான் துறையில் தெரியும். 1978 முதல் மலக்குடல் புற்றுநோய்க்கு ஒரு குறிப்பிட்ட முறையில் அறுவை செய்து, நோயாளிகள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்துவைத்தார். அந்தப் பதிவுதான் பின்னாளில் 'பேசிங்ஸ்டோக் குடல் புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டம்' என்ற பெயரில் ஆய்விதழ்களில் இடம்பெற்றது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், கத்தரிக்கோலையும் நோட்டுப் புத்தகத்தையும் வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி என்றே இதைச் சொல்லலாம்.

பெருங்குடலும் மலக்குடலும் ஒன்றுதானே? ஏன் தனியாகப் பேச வேண்டும்?

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுதான் மலக்குடல். சுவரும் ஒன்றுதான், புற்றுநோயும் பெரும்பாலும் ஒரே வகைதான். இடம்தான் வேறு. மேலே இருக்கும் பெருங்குடல் வயிற்றுக்குள் விசாலமாகக் கிடக்கிறது. கட்டியோடு இருபுறமும் தாராளமாக வெட்டி எடுக்கலாம். மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு. முன்னால் ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி, பெண்களுக்குப் பிறப்புறுப்பு. இருபக்கமும் சிறுநீர்ப்பைக்கும் பாலுறவுக்கும் உரிய நரம்புகள். கீழே மலத்தை அடக்கும் சுருக்குத் தசை.

ஆகவே இங்கே ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போனால் புற்றுநோய் தங்கிவிடும். ஓரிரு மில்லிமீட்டர் வெளியே போனால் நரம்பு போய்விடும். ஆண்களின் இடுப்புக்கூடு இன்னும் குறுகலானது. பருமனான ஆண், கீழே இறங்கிய கட்டி என்றால் எந்த சர்ஜனும் முதல்நாள் இரவு சற்று யோசிப்பார்.

இதற்கு முன்பு எப்படி அறுவை செய்தார்கள்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலக்குடலை ஆசனவாய்ப் பக்கமிருந்து மட்டும் அறுத்து எடுத்தார்கள். எர்னஸ்ட் மைல்ஸ் என்ற லண்டன் சர்ஜன் தன் நோயாளிகள் 57 பேரின் கதியை ஆராய்ந்தபோது, 54 பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது. தன் தோல்வியை அவ்வளவு துல்லியமாக எண்ணி அச்சில் போட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். நோய் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் பரவுகிறது என்று முடிவுகட்டி, வயிற்றிலிருந்தும் கீழிருந்தும் சேர்ந்து அறுத்து, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாக நீக்கும் முறையை 1908இல் வெளியிட்டார். நோயாளி பிழைப்பார், ஆனால் வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலப்பை.

பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்சன், மேற்பகுதிக் கட்டிகளுக்கு ஆசனவாயைக் காப்பாற்றி, குடலை மீண்டும் இணைக்கும் முறையை நிலைநாட்டினார். அவருடைய கட்டுரை 1948இல் வந்தது. 1970களில் குடலின் இரு முனைகளையும் இணைத்துத் தைக்கும் வட்ட ஸ்டேப்ளர் கருவி புழக்கத்துக்கு வந்ததும் இன்னும் கீழே இணைப்புப் போட முடிந்தது. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்பத் தலைகாட்டுவது மட்டும் குறையவில்லை. ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்பது சாதாரணமாகக் கேள்விப்படும் கணக்கு. இடுப்புக்குள் நோய் திரும்பினால் வரும் வலி கொடியது. மார்ஃபினுக்கும் எளிதில் கட்டுப்படாது.

ஹீல்ட் புதிதாக என்ன கண்டார்?

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. அதற்கு மீசோரெக்டம் என்று பெயர். மலக்குடலின் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. பொதியைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. கருவில் பின்குடல் உருவாகும்போதே இந்தப் பொதி அதோடு சேர்ந்தே உருவாகிறது. எனவே புற்றுநோய் குடல் சுவரைத் தாண்டினாலும் நெடுநாள் இந்த உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

1982இல் ஹீல்டும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டியின் கீழ் விளிம்புக்குப் பல சென்டிமீட்டர் கீழே, குடல் சுவரில் இல்லாமல் அந்தக் கொழுப்புக்குள், மிகச் சிறிய புற்றுத் துணுக்குகள் இருந்தன. குடலைக் கட்டிக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்று அதுவரை சர்ஜன்கள் அளவுகோலோடு நின்றிருந்தார்கள். கொழுப்பையோ பாதியில் கிழித்து விட்டுவந்தார்கள். நோய் திரும்பியதற்குக் காரணம் அந்த மிச்சக் கொழுப்பு என்பது ஹீல்டின் வாதம்.

நுங்கு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓட்டுக்கும் சுளைக்கும் இடையே விரலை விட்டுச் சுற்றினால் சுளை தோலோடு முழுதாக வந்துவிடும்; நகம் தோலில் பட்டால் உள்ளிருக்கும் நீர் சிந்திவிடும். மலக்குடலை அதன் உறை கிழியாமல், கொழுப்போடு முழுதாக எடுப்பதுதான் 'முழு மீசோரெக்டம் நீக்கம்'. சுருக்கமாக டி.எம்.இ. என்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. கொழுப்பை முழுதாக எடுத்துவிட்டால் குடல் சுவரில் ஐந்து சென்டிமீட்டர் விட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் முன்பு ஆசனவாயையே இழந்திருக்கக்கூடிய பலருக்கு அது தப்பியது.

ஆபரேஷன் தியேட்டரில் இது எப்படி வேறுபடுகிறது?

பழைய பழக்கம் இது: மேலே கொஞ்சம் வெட்டிவிட்டு, சர்ஜன் தன் கையை நோயாளியின் இடுப்புக்குள் திரிக எலும்பை ஒட்டி நுழைத்து, கண்ணால் பார்க்காமலே தடவிப் பிரித்து எடுப்பார். வேகமாக முடியும். சில நிமிடங்களில் மலக்குடல் கையோடு வந்துவிடும். அதோடு உறையும் கிழியும், சில சமயம் ரத்தமும் கொட்டும்.

டி.எம்.இ. முறையில் அந்தக் கை உள்ளே போவதே இல்லை. உதவியாளர் ஒருவர் நீண்ட இழுப்பானால் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். சர்ஜன் மலக்குடலை எதிர்த்திசையில் மெல்ல இழுக்கிறார். இழுவை சரியாக இருந்தால் உறைக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே வெள்ளை நிறத்தில் மெல்லிய இழைகள் விரிந்து தெரியும். வெட்ட வேண்டியது அந்த இழைகளைத்தான். ரத்தம் ஏறக்குறைய வராது. ரத்தம் கசிந்தால், உறைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அந்தத் தளத்தை விட்டு விலகிவிட்டோம் என்று பொருள். நின்று, இழுவையைச் சரிசெய்து, மறுபடி தளத்தைத் தேட வேண்டும். இந்தத் தளத்தை ஹீல்ட் 1988இல் 'புனிதத் தளம்' என்றே அழைத்தார். கொஞ்சம் நாடகத்தனமான பெயர்தான். ஆனால் மாணவன் மறக்க மாட்டான்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் பழைய முறையைவிடக் கணிசமாக அதிகம். பட்டியலில் அடுத்த நோயாளி காத்திருக்கும்போது பொறுமையாக இழை இழையாக வெட்டச் சொல்வது சுலபமான போதனை அல்ல.

முடிவுகள் எப்படி இருந்தன?

1986இல் வெளியிட்ட கணக்கில், நோய் முற்றிலும் அகற்றப்பட்டதாகக் கருதப்பட்ட 115 பேரில், ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு 3.7 சதவீதம். 1998இல் மொத்தக் கணக்கும் வந்தது: 1978 முதல் 1997 வரை 519 நோயாளிகள். எல்லோரையும் சேர்த்து ஐந்தாண்டில் 6 சதவீதம் பேருக்கும், முழுமையாக அகற்றப்பட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் இடுப்பில் திரும்பியது.

மற்ற சர்ஜன்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

ஏற்கவில்லை. ஒரு சின்ன ஊர், ஒரே சர்ஜன், ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை. எளிதான நோயாளிகளைப் பொறுக்கி எடுத்திருப்பார் என்றார்கள். கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்றார்கள். "நாங்களும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்" என்றும் சிலர் சொன்னார்கள்; அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பதில்.

விமரிசனத்தில் நியாயமும் இருந்தது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு டி.எம்.இ., மறு பாதிக்குப் பழைய முறை என்று ஒப்பிட்ட பெரிய சோதனை நடக்கவேயில்லை. மருந்தென்றால் ஒரே மாத்திரையை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். அறுவையில் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாத்திரை.

அந்தக் கைகளுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதை 1991இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆய்வு அம்பலப்படுத்தியது. கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் 13 சர்ஜன்கள் அறுவை செய்த குடல் புற்றுநோயாளிகள் 645 பேரின் கதியை மெக்கார்டில், ஹோல் இருவரும் ஆராய்ந்தார்கள். அதே இடத்தில் நோய் திரும்பியது, ஒரு சர்ஜனின் நோயாளிகளில் பூஜ்யம், இன்னொருவரின் நோயாளிகளில் 21 சதவீதம். முழுமையாக அகற்றியதாகக் கருதப்பட்டவர்கள் பத்தாண்டு உயிரோடிருந்த விகிதம் 20 முதல் 63 சதவீதம் வரை விரிந்து கிடந்தது. நோயாளியின் வயதையும் நோயின் கட்டத்தையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்கள், கத்தி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியையும் கேட்க வேண்டியதாயிற்று.

கட்டுரையைப் படித்து இதைக் கற்றுக்கொள்ள முடியாதா?

முடியாது. அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் நடுவே கோடு போட முடிவதில்லை. தளம் எங்கே என்பதை எழுத்தில் சொல்லலாம்; எவ்வளவு இழுத்தால் அது விரியும் என்பதைக் கையைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஹீல்ட் செய்தது இதுதான். பேசிங்ஸ்டோக்குக்கு வந்தவர்களுக்குத் தியேட்டரில் காட்டினார். பிறகு தானே கிளம்பிப் பிற நாடுகளுக்குப் போய், அங்குள்ள மருத்துவமனைகளில் அங்குள்ள நோயாளிகளுக்கு அறுவை செய்து காட்டினார். தியேட்டரில் கேமரா, பக்கத்துக் கூடத்தில் திரைக்கு முன் சர்ஜன்களும், எடுத்த உறுப்பைச் சோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர்களும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். எடுத்த மலக்குடலை மேசையில் வைத்து எல்லோரும் பார்க்கலாம். உறை கிழிந்திருந்தால் அதுவும் எல்லோர் கண்ணிலும் படும். தன் வேலையை இப்படி ஊர் பார்க்கச் செய்யத் துணிவு வேண்டும்.

பின்னாளில் பேசிங்ஸ்டோக் மருத்துவமனையை ஒட்டிப் பெலிகன் என்ற புற்றுநோய் அறக்கட்டளை இந்தப் பயிற்சிகளை இங்கிலாந்து முழுவதற்கும் கொண்டுபோனது. சர்ஜன் மட்டும் வந்தால் போதாது. அதே மருத்துவமனையில் ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட், நோய்க்குறியியல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், செவிலியர் எல்லோரும் ஒரே குழுவாக வர வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி இதுதான். திரும்பிப் போனதும் "அங்கே அப்படிச் செய்தார்கள்" என்று ஒருவர் தனியாகக் கத்திக்கொண்டிருக்க வேண்டிய நிலை வராது.

கற்றுக்கொடுத்ததால் நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது என்பதற்கு ஆதாரம் என்ன?

ஸ்டாக்ஹோம். அங்கே ஏற்கெனவே கதிர்வீச்சு பற்றி இரண்டு பெரிய சோதனைகள் நடந்திருந்ததால் பழைய கணக்கு துல்லியமாகக் கையில் இருந்தது. 1994 முதல் ஹீல்டின் பயிலரங்குகள் நடந்தன. பிறகு அந்த மாவட்டம் முழுவதிலும் அறுவை செய்யப்பட்டவர்களை எடுத்து, பழைய சோதனைகளின் நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டு முடிவு வெளியானது.

அதே இடத்தில் நோய் திரும்புவது முன்பு அந்த இரண்டு சோதனைகளிலும் முறையே 15, 14 சதவீதம். பயிற்சிக்குப் பின் 6. ஆசனவாயை இழந்து நிரந்தரப் பையோடு போனவர்கள் முன்பு 60, 55 சதவீதம், பின் 27. புற்றுநோயால் இறந்தவர்கள் 15, 16 சதவீதத்திலிருந்து 9 ஆனார்கள். கூடுதல் மருந்து கிடையாது, புது இயந்திரம் கிடையாது. அதே மாவட்டம், அதே நோய். சில பயிலரங்குகள் நடந்தன, யார் அறுவை செய்வது என்பதில் ஒழுங்கு வந்தது, அவ்வளவே.

அந்த 'யார்' என்பதும் முக்கியம். ஸ்டாக்ஹோம் குழுவே 2002இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆண்டுக்கு 12க்கு மேல் இந்த அறுவையைச் செய்த சர்ஜன்களின் நோயாளிகளில் 4 சதவீதம் பேருக்கும், குறைவாகச் செய்தவர்களின் நோயாளிகளில் 10 சதவீதம் பேருக்கும் நோய் அதே இடத்தில் திரும்பியிருந்தது. முறையைக் கற்றுக்கொண்ட பிறகும் பழக்கம் விட்டுப்போனால் பயனில்லை.

நெதர்லாந்துச் சோதனை பற்றி அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1996 முதல் 1999 வரை நடந்தது, 1861 நோயாளிகள். எல்லோருக்கும் டி.எம்.இ. அறுவை, பாதிப் பேருக்கு அதற்கு முன் ஐந்து நாள் கதிர்வீச்சு. கதிர்வீச்சின் பலனைச் சோதிக்க வேண்டுமானால் அறுவை எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் சோதனையின் விதிகளிலேயே பயிற்சியைச் சேர்த்தார்கள். பயிலரங்கு, வீடியோ, ஒவ்வொரு சர்ஜனின் முதல் சில அறுவைகளின்போது பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்வை. ஆராய்ச்சி நடந்த சாக்கில் ஒரு நாடே புது முறையைக் கற்றுக்கொண்டது.

இரண்டாண்டு முடிவில், கதிர்வீச்சு பெற்றவர்களில் 2.4 சதவீதம் பேருக்கும், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 8.2 சதவீதம் பேருக்கும் நோய் இடுப்பில் திரும்பியது. ஆக, நல்ல அறுவைக்குப் பின்னும் கதிர்வீச்சுக்கு வேலை இருக்கிறது. ஹீல்டின் தீவிர ஆதரவாளர்களில் சிலருக்கு இது அவ்வளவு ருசிக்கவில்லை. ஆனால் பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோதும் மொத்த ஆயுளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. கதிர்வீச்சின் பக்கவிளைவுகளை எண்ணினால், எல்லோருக்கும் கொடுக்காமல் தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுப்பதே சரி என்பது என் கட்சி.

நல்ல அறுவையா இல்லையா என்பதை யார் சொல்வது?

எடுத்த உறுப்பைச் சோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர். சர்ஜனைச் சர்ஜனே மதிப்பிட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான்.

இதற்கு வழிவகுத்தவர் லீட்ஸ் நகரின் ஃபில் குவிர்க். 1986இல் அவரும் சகாக்களும் எடுக்கப்பட்ட மலக்குடல்களின் வெளிப்பரப்பு முழுவதையும் குறுக்காக அரிந்து பார்த்தார்கள். 52 பேரில் 14 பேருக்குப் புற்றுநோய் பக்கவாட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்பில் நோய் திரும்பியது. குடலின் மேல், கீழ் நுனிகளை மட்டும் பார்த்து 'முழுதாக நீக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

இன்றைய நடைமுறை இப்படி: தியேட்டரிலிருந்து வரும் மலக்குடலைப் பிளக்காமல் முன்னும் பின்னும் போட்டோ எடுப்பார்கள். வெளிப்பரப்பு வழவழப்பாகப் பளபளத்தால் முதல் தரம். கொழுப்பில் பள்ளங்கள் தெரிந்தால் இரண்டாம் தரம். குடலின் தசையே வெளியே தெரிந்தால் மூன்றாம் தரம். பிறகு வெளிப்பரப்பில் மை பூசி, ஃபார்மலினில் ஊறவைத்து, சில மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அரிந்து, மைக்கும் புற்றுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆபத்து. 2009இல் வந்த பிரிட்டிஷ் சோதனை ஒன்றில் மூன்றாண்டுக்குள் நோய் திரும்பியது முதல் தரத்தில் 4, இரண்டாம் தரத்தில் 7, மூன்றாம் தரத்தில் 13 சதவீதம்.

பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நெதர்லாந்தின் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் எடுக்கப்பட்ட 180 உறுப்புகளைச் சோதித்தபோது 24 சதவீதத்தில் மீசோரெக்டம் முழுமையாக இல்லை. அதுவும் மேற்பார்வையோடு நடந்த சோதனையில்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதற்கு?

அறுவைக்கு முன்பே அந்த உறையைப் பார்ப்பதற்கு. புற்றுநோய் உறையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். ரேடியாலஜிஸ்ட் ஜினா பிரவுன் முன்னின்று நடத்திய மெர்குரி ஆய்வு 2006இல் இதை உறுதிசெய்தது. அறுவையில் விளிம்பு புற்றுநோய் இல்லாமல் சுத்தமாக வந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஸ்கேன் முன்கூட்டியே அப்படிச் சொல்லியிருந்தது. உறையை நோய் நெருங்கியிருந்தால் முதலில் கதிர்வீச்சும் கீமோதெரபியும், பிறகு அறுவை. தள்ளியிருந்தால் பலருக்கு நேரே அறுவை.

இந்த முறையில் பாதகம் ஒன்றும் இல்லையா?

உண்டு. கொழுப்பு முழுதாக நீங்கும்போது மிச்சமிருக்கும் அடிப்பகுதியின் ரத்த ஓட்டம் குறைகிறது. குடலை இணைத்த இடம் கசியலாம். பேசிங்ஸ்டோக்கிலேயே தாழ்ந்த இணைப்பு போடப்பட்ட 219 பேரில் 24 பேருக்குப் பெரிய கசிவு ஏற்பட்டது. அதை அவர்களே வெளியிட்டார்கள். இதைச் சமாளிக்கத்தான் சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே திறந்துவிடுகிறார்கள். சுவீடனில் 234 பேரிடம் நடந்த சோதனையில், இப்படித் திறந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும் திறக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் கசிவு ஏற்பட்டது. "புற்றுநோய் போய்விட்டது என்கிறீர்கள், பிறகு ஏன் பை?" என்று நோயாளிகள் கோபப்படுவது இயல்பு. சில மாதங்களுக்கான காப்பு அது.

இன்னொன்றைப் பலரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மலத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பே மலக்குடல்தான். அது போன பிறகு ஒரு நாளில் பல முறை கழிப்பறை, போனால் ஒரேயடியாக முடியாமல் மறுபடி மறுபடி போவது, அடக்க முடியாத அவசரம் என்று பலருக்குத் தொல்லை நீடிக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல் இதை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். நோயாளி கூச்சத்தில் சொல்லமாட்டார். மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

பயிற்சி மருத்துவமனை என்றால் மாணவர் கையில் என் உடம்பா?

நியாயமான பயம். பயிற்சி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர் அறுவையின் சில பகுதிகளைச் செய்வார் என்பது உண்மை. அறுவையைப் படிப்படியாகப் பிரித்து, இன்று இந்தப் பகுதி உனக்கு, மீதி எனக்கு என்று மூத்தவர் எதிரில் நின்று செய்யவிடுவார். இடுப்புக்குள் இறங்கும் கடினமான கட்டம் கடைசியாகத்தான் மாணவர் கைக்கு வரும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. தேர்ந்த சர்ஜன்களும் மாணவர்கள்தான். ஸ்டாக்ஹோமில் பயிலரங்குக்கு வந்தவர்கள் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். இங்கிலாந்தில் சிறு துளைகள் வழியாக அறுவை செய்யும் லேப்ராஸ்கோபி முறை வந்தபோதும் பணியில் இருந்த கன்சல்டன்ட்களுக்கே, அதாவது மூத்த மருத்துவர்களுக்கே, தேசியப் பயிற்சித் திட்டம் வைத்தார்கள். வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அனுபவம் என்ற பெயரில் ஒரே பிழையை இருபது ஆண்டு செய்துகொண்டிருப்பவரைவிட, மேற்பார்வையோடு கற்பவரின் கை பாதுகாப்பானது என்று தாராளமாகச் சொல்வேன்.

லேப்ராஸ்கோபி, ரோபோ எல்லாம் வந்துவிட்டதே, இனி இது பழங்கதைதானே?

தளம் அதேதான், அதை அடையும் வழி மட்டும் மாறியிருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும் ரோபோ கையால் செய்தாலும் உறை கிழியாமல் வர வேண்டும். துளை வழி அறுவையில் காயம் சிறியது, வீடு திரும்புவது சீக்கிரம். அது போதுமான லாபம். ரோபோ என்றால் புற்றுநோய் கூடுதலாகக் குணமாகும் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே சாட்சி. ஆசனவாய் வழியாகக் கருவியை நுழைத்துக் கீழிருந்து மேலே டி.எம்.இ. செய்யும் முறை 2010களில் பரவியது. தாழ்ந்த கட்டிகளுக்குக் கண்ணில் நன்றாகத் தெரியும் என்பதால் ஹீல்டே அதை வரவேற்றார். நார்வேயில் தேசியப் பதிவேடு இருந்ததால் விபரீதம் சீக்கிரம் தென்பட்டது: 157 நோயாளிகளில், இரண்டரை ஆண்டுக்குள் நோய் திரும்பும் மதிப்பீடு 11.6 சதவீதம், வழக்கமான முறையில் அங்கே அது 2.4. 2018 இறுதியில் அந்த நாடு இந்த முறையை நிறுத்திவைத்தது. பதிவேடு இல்லாத நாடுகளில் இதே விபரீதம் நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அறுவையே இல்லாமல் குணமாகும் என்கிறார்களே?

சிலருக்கு, ஆம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர சர்ஜன் ஆஞ்ஜெலிட்டா ஹப்ர்-காமா, கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்ற 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்துவிட்டதைக் கண்டு, அவர்களுக்கு அறுவை செய்யாமல் கண்காணித்து, முடிவை 2004இல் வெளியிட்டார். அறுவை செய்யாமல் விடுவதையும் ஒரு சர்ஜனே கற்பித்தார் என்பது இந்தத் துறையின் அழகு. 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைப் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. செய்தித்தாள்கள் அதிசய மருந்து என்று கொண்டாடின. ஆனால் அது டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பு பழுதான வகைக்கு மட்டும். மலக்குடல் புற்றுநோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேரே அந்த வகை. கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியிலேயே அதைக் கண்டறியலாம் என்பதால் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மலக்குடல் புற்றுநோய். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது? எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா, உறையை நோய் தொட்டிருக்கிறதா? சர்ஜன், ரேடியாலஜிஸ்ட், புற்றுநோய் மருத்துவர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்களா? ஆண்டுக்கு இந்த அறுவை எத்தனை செய்கிறீர்கள்? பை நிரந்தரமா, தற்காலிகமா? இவற்றைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவைக்குப் பின் வரும் நோய்க்குறியியல் அறிக்கையில் பக்கவாட்டு விளிம்பின் தூரமும், மீசோரெக்டத்தின் தரமும், சோதித்த நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 12 கணுக்களாவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் குறைவாகவும் இருக்கலாம்.

மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம்தானே, நாட்டு மருந்து போதாதா?

மூலமாகவே இருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியது மருத்துவரின் விரல் பரிசோதனையும் உள்நோக்கிக் கருவியும். தாழ்ந்த மலக்குடல் கட்டிகளில் பல, கையுறை அணிந்த விரலுக்கே எட்டிவிடும். அரை நிமிட வேலை. மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரலாம் என்பதால், மூலம் கண்ணில் பட்டதோடு சோதனையை நிறுத்திவிடக் கூடாது. சில வாரங்களாக ரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், போய்வந்த பிறகும் இன்னும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு, காரணம் தெரியாத ரத்தசோகை, எடைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும், குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். வயது முப்பதுதானே என்று தள்ளிப்போட வேண்டாம்.